வடக்குப் பகுதிக்கு ஒரு வண்டி

பதினோரு நாட்களாக என் அறை மின்விசிறி டக் டக்கென்று சத்தம் போடுகிறது. போட்டால் சத்தம், நிறுத்தினால் புழுக்கம். எழுந்து போடுகிறேன், எழுந்து நிறுத்துகிறேன். "ஒண்ணு போடு, இல்ல நிறுத்து. ஏண்டி அந்த ஸ்விட்சை இந்தப் பாடு படுத்துறே?" என்றாள் அக்கா. நான் தூங்காததற்கு அதுதான் காரணம். வேறு காரணம் எதுவும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் விசாரிப்பது ஓட்டுநரைப் பற்றி. ஆனால் கூட்டத்திலிருந்து தொடங்கினால்தான் புரியும்.

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசி எடுப்பது என் வேலை. அறை முதல் மாடியில் இருக்கிறது. என் ஜன்னலிலிருந்து பார்த்தால் கீழே நிற்கும் வண்டிகளின் கூரை தெரியும். நகரத்தின் மற்ற இடங்களுக்கு வண்டி ஒன்பது நிமிடத்தில் போய்விடும். ரயில்வே கேட்டைத் தாண்டி, நாங்கள் குடியிருக்கும் வடக்குப் பகுதிக்கு இருபத்திரண்டு நிமிடம் ஆகும். அக்கா மகனுக்கு மூச்சிழுப்பு இருக்கிறது. இருபத்திரண்டு நிமிடம் என்பது அவனுக்கு என்ன என்று எனக்குத் தெரியும்.

வடக்குப் பகுதியிலேயே ஒரு வண்டியை நிறுத்தலாம், ஆனால் அதற்காக வீட்டு வரி கொஞ்சம் கூடும், குடியிருப்பவர்கள் சம்மதித்தால் சரி என்றது மாநகராட்சி. முதல் கூட்டத்தில் பேச்சு, இரண்டு வாரம் கழித்து முடிவு. நிமிடக் கணக்குகளைப் போட்டவள் நான் என்பதால் என்னையே விளக்கச் சொன்னார்கள். நான் புள்ளியியல் படித்தவள். நாலு பேருக்கு முன்னால் பேச வராது.

கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் எல்லோரும் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள், "மைக்கைப் பக்கத்துல பிடிம்மா, கடிக்காது" என்று ஒரு குரல் வந்தது. "குப்பை வண்டிக்குக் கட்டுற வரிக்கே குப்பை வண்டி வர மாட்டேங்குது" என்றார் ஒருவர். "எங்க தெருவுல விளக்கே எரியல. ஆம்புலன்ஸ் வந்தா டார்ச் அடிச்சா வீட்டைத் தேடும்?" என்றார் ஓர் அம்மாள்.

பிறகு மேனேஜர் எழுந்தார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகியும் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

"பாப்பா, எனக்கு ரெண்டு தடவை நெஞ்சு வலி வந்துச்சு. ரெண்டு தடவையும் பக்கத்து வீட்டுக்காரன் கார்ல போய் இறங்கினேன். இதோ நிக்கிறேன். நிமிஷக் கணக்கெல்லாம் இருக்கட்டும். வண்டி லேட்டா வந்து நம்ம ஏரியாவுல யாராவது செத்திருக்காங்களா? ஒரே ஒருத்தர்?"

"இல்லை" என்றேன்.

"மைக்குல சொல்லும்மா."

"இல்லை."

கைதட்டினார்கள்.

எங்கள் பகுதித் தையல்காரர் மட்டும் எழுந்து, "பொண்ணு சொல்றதுல நியாயம் இருக்கு சார். அதுக்காக ஒருத்தன் செத்துக் காட்டணுமா?" என்றார். "நீ முதல்ல என் சட்டையைத் தச்சுக் குடு, அப்புறம் பேசு" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, அவரும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார்.

எனக்குக் கோபம் வரவில்லை. மேனேஜர் கேட்டது நியாயமான கேள்வி. என்னிடம் சராசரி இருந்தது, சம்பவம் இல்லை. சராசரியைக் கேட்டு யாரும் பணம் கட்ட மாட்டார்கள். ஒரு சம்பவம் போதும், பிறகு எத்தனையோ பேர் பிழைப்பார்கள். ஒன்றுக்குப் பல என்பது எளிய கணக்கு.

கண்மூடித்தனமாக நான் எதுவும் செய்யவில்லை. ஒரு விதி வைத்துக்கொண்டேன். குழந்தை கூடாது, கர்ப்பிணி கூடாது, விபத்தில் சிக்கியவர் கூடாது. வயது அறுபதைத் தாண்டியிருக்க வேண்டும். ஏற்கெனவே நெஞ்சு வலி வந்திருக்க வேண்டும், முடிந்தால் இரண்டு முறை. பிள்ளைகள் எல்லாம் நல்ல நிலையில் இருக்க வேண்டும். மற்ற அழைப்புகளுக்கு நான் முன்பைவிட வேகமாக வண்டி அனுப்பினேன். காய்ச்சலில் வலிப்பு வந்த ஒரு குழந்தை அப்படிப் பிழைத்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

காத்திருப்பதுதான் சிரமமாக இருந்தது. தொலைபேசி அடித்தால் முதலில் முகவரியைப் பார்ப்பேன். பேனா மூடியைக் கடித்துக் கடித்தே இரண்டு பேனாக்கள் வீணாயின. வார விடுமுறையைக்கூட நான் எடுக்கவில்லை. வேலைக்குப் போகும் வழியில் மேனேஜர் மாடியில் நின்று செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். நல்ல ஆரோக்கியமாகத்தான் தெரிந்தார்.

முடிவெடுக்கும் கூட்டத்துக்கு முந்தின நாள் மதியம் தையல்காரரின் மனைவி அழைத்தார்.

"அம்மாடி, அவரு நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. வேர்த்துக் கொட்டுது."

வயதைக் கேட்டேன். ஐம்பத்தாறு. முன்பு வலி வந்ததுண்டா என்று கேட்டேன். இல்லை. மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பது எனக்கே தெரியும்.

"வண்டி வந்துட்டிருக்கும்மா. நான் லைன்லயே இருக்கேன்" என்றேன். கீழே மிச்சமிருந்த ஒரே வண்டி வேறு அழைப்புக்குப் போயிருப்பதாகத் திரையில் பதிந்தேன்.

"கழுத்துல அளவு டேப் கிடக்கு. அதை எடுத்துடட்டுமா?"

"எடுத்துடுங்க. சட்டைப் பொத்தானையும் கழட்டி விடுங்க."

அந்த வண்டியின் ஓட்டுநர் அண்ணன் கீழே ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முன்பக்கம் முடித்துவிட்டுப் பக்கவாட்டுக் கண்ணாடிக்கு வந்தார். பிறகுதான் அவரைக் கூப்பிட்டேன். வண்டி போய்ச் சேர நாற்பத்தொரு நிமிடம் ஆனது. அதில் இருபத்திரண்டு தூரத்துக்கு. பத்தொன்பது என்னுடையது.

தகவல் வரும்வரை கீழேதான் நின்றேன், வந்ததும் கிளம்பினேன் என்று அவர் சொன்னதை நீங்கள் நம்பவில்லை. அந்த வேறு அழைப்பிலிருந்து வரும் வழியில் எங்கோ நின்றுவிட்டார் என்று வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். அவர் வீட்டு ஜன்னலில் கல் விழுந்ததாகக் கேள்விப்பட்டேன். அவர் சொன்னது உண்மை. என் கணக்கில் தவறான ஆள் மாட்டிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் வந்தேன்.

மறுநாள் கூட்டத்தில் யாரும் குப்பையைப் பற்றியோ விளக்கைப் பற்றியோ பேசவில்லை. முதலில் கை தூக்கியவர் மேனேஜர். வண்டிக்குத் தையல்காரர் பெயரை வைக்கலாம் என்றும் அவரே சொன்னார். முடிந்ததும் என்னிடம் வந்து, "மன்னிச்சிடும்மா, உன் கணக்குதான் சரி" என்று என் தலையில் கை வைத்தார். நல்ல கனமான, சூடான கை. வீட்டுக்கு வந்து மின்விசிறியைப் போட்டேன். அன்றைக்குத்தான் அந்தச் சத்தத்தை முதலில் கவனித்தேன்.

வண்டி திங்கட்கிழமை வருகிறது. அக்கா மகனுக்கு இனி நான்கு நிமிடம்.

தையல்காரர் உன் விதியில் எங்கேயும் பொருந்தவில்லையே என்கிறீர்கள். பொருந்தவில்லை. நாள் இல்லாததால் தளர்த்தினேன். அப்படியானால் யாரை மனதில் வைத்து விதியை எழுதினாய் என்று காலையில் கேட்டீர்கள். யாரையும் இல்லை என்றேன். இப்போது நீங்கள் அதைத் திரும்ப வாசித்துக் காட்டும்போது எனக்கே கேட்கிறது. அறுபதைத் தாண்டியவர். இரண்டு முறை நெஞ்சு வலி வந்தவர்.

மேனேஜர் வீட்டிலிருந்து அழைப்பு வரும் என்று பதின்மூன்று நாள் காத்திருந்தேன். வரவில்லை.