ஒட்வார் இல்லாமல் எழும் சர்வர்

— கையை எடு ஒட்வார். கீபோர்டு பக்கம் வந்தேன்னா, வெள்ளிக்கிழமை வாஃபிள் முழுக்க எனக்குத்தான்.

— பார்த்துட்டுதானே இருக்கேன், சிக்ரூன்.

— வாஃபிள் தட்டை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோ. ஸ்கிரிப்ட் எழுதினவன் சோதனையில அதைத் தொடக் கூடாதுங்கறது நம்ம ஆஃபீஸ் வழக்கம். திங்கட்கிழமையிலேர்ந்து நீ பாப்பாவோட வீட்ல. நாலு மாசம் லீவு. நடுவுல படகு டிக்கெட் வெப் பக்கம் படுத்துட்டா நான்தான் எழுப்பணும்.

— அதுக்குத்தானே ஸ்கிரிப்ட். காலி சர்வரைக் காட்டி ஓட்டிவிடு. வெப் சர்வர், டிக்கெட் பக்கம், பாதுகாப்புச் சான்றிதழ், எல்லாத்தையும் அதுவே போட்டுக்கும். எனக்கு ஒரு போன்கூட வரக் கூடாது, அவ்வளவுதான்.

— ஓட்டியாச்சு. சிவப்பு.

— என்னது?

— பாதியில நின்னுடுச்சு. சான்றிதழை 'ஒட்வார்'ங்கற ஃபோல்டர்ல தேடுது. என் கம்ப்யூட்டர்ல அது எங்கேருந்து வரும்?

— என் லேப்டாப்ல ஒரு தடவைகூட நின்னதில்லையே.

— நிக்காது. அது உன் வீட்டுப் பிள்ளை. நான் அடுத்த வீட்டுக்காரி, எனக்கு எப்படிக் கதவு திறக்கும்?

— சரி, சிரிக்காதே. இப்படிக் குடு, நான் மாத்தறேன்.

— தட்டைக் கீழ வைக்காதே, ஒட்வார். வாயால சொல்லு.

— அந்த ஒரு வரியை அழி. ஆஃபீஸோட பொதுப் பெட்டகத்துல சான்றிதழ் நகல் இருக்கு. அங்கேருந்து எடுத்துக்கச் சொல்லு.

— மாத்தியாச்சு. போகுது. பச்சை. இதுவும் பச்சை. அடேயப்பா, பக்கம் வந்துடுச்சு பாரு. காலைப் படகுக்கு இப்பவே டிக்கெட் எடுக்கலாம்.

— இன்னொரு தடவை ஓட்டு. ரெண்டாவது ஓட்டத்துல எதுவும் மாறக் கூடாது. மாறினா எங்கேயோ ஓட்டை இருக்குன்னு அர்த்தம்.

— எதுவுமே மாறலை. நீ இல்லாம எழுந்து நின்னுடுச்சு. நாலு மாசம் நான் பார்த்துப்பேன், கவலையே வேண்டாம்.

— தெரியும். நீ பார்த்துப்பே.

— அப்ப கடைசி வேலை. சர்வருக்குள்ள நுழையறவங்க பட்டியல். லீவுல போறவங்க பேரை எடுத்துட்டு ஓட்டினா அவங்க சாவி செல்லாது. நீயே வச்ச விதி.

— நல்ல விதிதான்.

— உன் பேரை எடுத்துட்டேன். எண்டர் மட்டும் பாக்கி. அப்புறம் நீயே நினைச்சாலும் உள்ள எட்டிப் பார்க்க முடியாது. நிம்மதியா பாப்பாவுக்குக் கஞ்சி ஊட்டலாம்.

— நேத்து நான் என்ன சொன்னேன் உன்கிட்ட?

— என்கிட்ட மட்டுமா? நாலு மாசம் ஒருத்தரும் என்னைத் தேடக் கூடாதுன்னு மாடிக்கு மாடி சொல்லிட்டுத் திரிஞ்சியே.

— ஆமா, சொன்னேன்.

— என்ன, வாஃபிளை அப்படியே வச்சிருக்கே? ஆறிடுச்சு. சரி, அழுத்தறேன்.

— சிக்ரூன், ஒரு நிமிஷம். நான் உள்ள வர மாட்டேன், எதையும் தொட மாட்டேன். என் பேர் மட்டும் அங்க சும்மா இருக்கட்டும். விட்டு வைக்கிறியா?