லாயர் ஆபீஸ் காலண்டர்

அலோர் காஜாவிலிருந்து மஸ்ஜித் தானா போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். மூத்தவர் சொன்ன ஒரு வார்த்தையில் என் தூக்கம் கலைந்தது.

“லாயருங்களையே ஒரு கம்பெனி விலைக்கு வாங்கிருச்சு, இந்திரா.”

“எங்கக்கா?”

“டிவி நாடகத்துலதான்லா. கம்பெனி முதலாளி லாயர் ஆபீஸையே முழுசா வாங்கிட்டான். இப்ப எல்லாரும் கோட்டை மாட்டிக்கிட்டு அந்த முதலாளிக்கே வாதாடுறாங்க.”

“நாடகம்னா அப்படித்தான். நம்ம லாயர் சார் எஸ்டேட் லயத்து வீட்டு கேஸை எவ்வளவு அக்கறையா பாக்குறாரு!”

“ரொம்ப அக்கறை. மூணு வருசமா பத்திரமா தள்ளிப் போட்டுக்கிட்டு வர்றாரு. நேத்து அவரு ஆபீஸ்ல உக்காந்திருந்தப்ப, சஷ்டி என்னைக்குன்னு சுவத்துக் காலண்டரைப் பாத்தேன். முருகன் படம் அவ்வளவு அழகு. கீழே, நம்மள வீட்டைக் காலி பண்ணச் சொன்ன கம்பெனியோட பேரு.”

இளையவர் வெளியே செம்பனை மரங்களைப் பார்த்தபடி சொன்னார்.

“கம்பெனின்னா எல்லாருக்கும் காலண்டர் குடுக்கத்தான் செய்வாங்கக்கா.”

“குடுப்பாங்க, குடுப்பாங்க. நமக்கு நோட்டீஸ் மட்டுந்தான் குடுத்தாங்க.”