சேர்ந்து ஆடுறதா, எதிரெதிரா ஆடுறதா?

கடைப்பெண்: ...சரி சார், அவர் பெரிய வீடியோ கேம் வேணும்ங்கிறாரு, நீங்க சின்னது வேணும்ங்கிறீங்க. ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்குத்தானே கேம் வாங்குறீங்க?

இளையவர்: ஒரே வீட்டுக்குத்தான். எங்க மாமனார் வீட்டுக்கு.

மூத்தவர்: அதை அவருக்கே இன்னொரு தடவை ஞாபகப்படுத்தும்மா. அவர் கேக்கிற சின்னதை வாங்கி, அந்த ஹால்ல நின்னு கையை வீசி டென்னிஸ் ஆடினா, மாமியாரோட கண்ணாடி அலமாரி முதல் நாளே காலி.

கடைப்பெண்: அவர் உங்க பக்கத்துலதான் சார் நிக்கிறாரு.

மூத்தவர்: நிக்கட்டும். கடையில யார் வேணா நிக்கலாம்.

இளையவர்: அவர் கேக்கிற பெரிய கன்சோல்ல எத்தனை பட்டன் இருக்குன்னு அவர்கிட்ட சொல்லுங்க. எங்க மாமாவுக்கு டிவி ரிமோட்டுலயே சத்தத்தைக் கூட்டத்தான் தெரியும், குறைக்கத் தெரியாது.

கடைப்பெண்: நீங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா சார்?

மூத்தவர்: இல்ல.

இளையவர்: இல்லவே இல்ல.

மூத்தவர்: அக்காவை நான் கட்டினேன். தங்கச்சியை அவர் கட்டினாரு. மத்தபடி எனக்கும் அவருக்கும் ஒண்ணும் கிடையாது.

கடைப்பெண்: ஓ... சகலைங்களா.

இளையவர்: பேச்சுக்கு அப்படித்தான்.

கடைப்பெண்: பேச்சே இல்ல போலிருக்கே சார். அப்புறம் எதுக்குச் சேர்ந்து வந்தீங்க?

இளையவர்: வரல. அனுப்பி வச்சாங்க. ஞாயித்துக்கிழமை மாமாவுக்கும் அத்தைக்கும் கல்யாண நாள். எல்லாரும் சேர்ந்து ஆடுற மாதிரி ஒரு கேம் வாங்கணும், அதையும் ரெண்டு மாப்பிள்ளையும் சேர்ந்து போய் வாங்கணும்னு அக்காவும் தங்கச்சியும் முடிவு பண்ணிட்டாங்க.

மூத்தவர்: தனியா வந்தா கதவைத் திறக்க மாட்டாங்களாம். என் வீட்டுக் கதவை.

இளையவர்: என் வீட்டுக் கதவையும்தான்.

கடைப்பெண்: எவ்வளவு நாளா சார் பேசிக்கிறதில்ல?

மூத்தவர்: போன மழைக்காலத்துலேருந்து. முன்னெல்லாம் ஞாயித்துக்கிழமைன்னா எல்லாரும் சாப்பாடு, கேரம்னு மாமனார் வீட்டுலதான் இருப்போம். இப்ப ஒரு வாரம் நாங்க, ஒரு வாரம் அவங்க.

இளையவர்: பாவம் மாமா. ஒரே கதையை ரெண்டு வாரம் சொல்ல வேண்டியிருக்கு.

மூத்தவர்: அது அவருக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. முன்னாடி ஒரே நாள்ல ரெண்டு தடவை சொல்வாரு.

கடைப்பெண்: சரி... யார் யார் ஆடப்போறாங்க, சொல்லுங்க. அதை வச்சுத்தான் நான் எடுத்துக் குடுக்க முடியும்.

இளையவர்: மாமா, அத்தை, அக்கா தங்கச்சி ரெண்டு பேரு, நாங்க ரெண்டு பேரு. அப்புறம் என் பொண்ணு. எட்டு வயசு. வாய் மட்டும் முப்பது.

மூத்தவர்: என் பையன் இருக்கான். ரூமை விட்டு வெளிய வந்தான்னா ஆடுவான். அவனை வர வைக்கத்தான் இந்தப் பாடு எல்லாம்.

கடைப்பெண்: சேர்ந்து ஆடுறதா சார், எதிரெதிரா ஆடுறதா?

மூத்தவர்: அப்படீன்னா?

கடைப்பெண்: சேர்ந்து ஆடுறதுன்னா எல்லாரும் ஒரே கட்சி. ஒண்ணா ஓடி ஒண்ணா ஜெயிக்கிறது. எதிரெதிர்னா உங்களுக்குள்ளயே போட்டி.

இளையவர்: சேர்ந்து.

மூத்தவர்: எதிரெதிர். தோக்கிறதுக்கு ஒரு ஆளே இல்லைன்னா அது ஆட்டமா, கூட்டுப் பிரார்த்தனையா?

இளையவர்: தோத்தா என்ன ஆகும்னு அவருக்கே தெரியும். அதைக் கொஞ்சம் யோசிக்கச் சொல்லுங்க.

மூத்தவர்: என்ன ஆகும்? என்ன ஆச்சு? நான் என்ன...

கடைப்பெண்: சார், சார். ஆடிப் பாத்துட்டே முடிவு பண்ணுங்களேன். வாங்க, பெரிசு இந்த டிவியில ஓடிட்டிருக்கு. கார் ரேஸ். யாருக்கு வண்டி ஓட்ட நல்லா வரும்?

மூத்தவர்: நான் டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கேன்மா.

கடைப்பெண்: அப்போ கேக்கவே வேணாம். உக்காருங்க. இதை அழுத்தினா போகும், இது பிரேக்கு. ...சார், பச்சை விளக்கு விழுந்துருச்சு. போங்க.

மூத்தவர்: இரும்மா. பின்னாடி வண்டி வருதான்னு பாக்க வேணாமா. கண்ணாடி எங்க?

கடைப்பெண்: கண்ணாடி எல்லாம் இல்ல சார். எல்லாரும் போயிட்டாங்க.

மூத்தவர்: போகட்டும். அவசரக்காரன் எல்லாம் கடைசியில என்கிட்டதான் வந்து நிப்பான். இன்டிகேட்டர் எந்தப் பட்டன்?

கடைப்பெண்: அதுவும் இல்ல சார்.

மூத்தவர்: இன்டிகேட்டர் இல்லாத வண்டியைக் குழந்தைங்க கையில குடுப்பீங்களா நீங்க?

இளையவர்: வளைவுல எதுக்குப் பிரேக் போடுறாருன்னு கேளுங்க.

மூத்தவர்: வளைவுல பிரேக் போடாம பின்ன என்ன பண்றது? பல்லைப் பிடுங்கிறதா?

கடைப்பெண்: சார் பல் டாக்டரா? எனக்கு இந்தக் கடவாய்ப் பல்லு ஒண்ணு ரொம்ப நாளா...

மூத்தவர்: காட்டிராதம்மா. வலிக்காதுன்னு சொல்லிட்டே பிடுங்கிருவாரு.

இளையவர்: அவருக்குப் பிடுங்கினது நான்தான். வலிச்சுதான்னு கேளுங்க.

மூத்தவர்: ...வலிக்கல. அது வேற விஷயம். ஆங், இதோ, வந்து சேர்ந்தாச்சு. எத்தனாவது?

கடைப்பெண்: எட்டாவது சார்.

மூத்தவர்: பரவால்லையே. எத்தனை பேர்ல?

கடைப்பெண்: எட்டுப் பேர்ல சார்.

மூத்தவர்: ...வண்டியில ஒரு கீறல் இருக்கா பாரு. மத்தவன் வண்டியெல்லாம் நசுங்கிக் கிடக்குது. அதையெல்லாம் இந்த மெஷின் கணக்குல எடுக்காதாக்கும்.

கடைப்பெண்: எடுக்காது சார். வாங்க, அந்தச் சின்னதையும் பாத்துரலாம். இதுல பட்டனே வேணாம். ரிமோட்டைக் கையில பிடிச்சு மட்டை மாதிரி வீசினா போதும். உங்களுக்குச் சிவப்பு. டாக்டருக்கு நீலம். கயித்தை மணிக்கட்டுல மாட்டிக்கங்க, இல்லைன்னா டிவிக்குள்ள போயிரும். ...டாக்டர் சார், ஒரு நிமிஷம், அந்த நீலத்துல...

இளையவர்: பரவால்லம்மா. இருக்கட்டும். நீங்க ஆரம்பிங்க.

கடைப்பெண்: இல்ல சார், அது...

இளையவர்: இருக்கட்டும்னு சொல்றேன்ல.

மூத்தவர்: என்னவாம்?

இளையவர்: ஒண்ணுமில்லையாம். அவரை ஆரம்பிக்கச் சொல்லுங்க.

மூத்தவர்: இதோ... போட்டேன். எடுக்கச் சொல்லு. எடுத்துட்டாரா... இந்தா, மூலைக்கு. ஓடச் சொல்லு... அட, ஓடு டாக்டரே, அங்க என்ன பராக்கு? விட்டுட்டியா? இந்தா அடுத்தது.

இளையவர்: அண்ணே, பாத்து, தூண்ல இடிச்சுக்கப் போறீங்க.

மூத்தவர்: தூணைப் பாக்காதே, பந்தைப் பாரு. மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சிருக்கே தம்பி, லூசா விடு... பல்லா பிடுங்குறே... லூசா... ஆங். போச்சா? போயே போச்சு. முடிஞ்சுதா?

கடைப்பெண்: முடிஞ்சுது சார். நீங்க ஜெயிச்சுட்டீங்க. அப்புறம்... ரெண்டு பேரும் நேராவே பேசிட்டீங்க.

மூத்தவர்: பேசிட்டோமா? ...சரி, போகட்டும். இது நல்லாத்தான் இருக்கு. மூச்சு வாங்குது, ஆனா நல்லாயிருக்கு. தம்பி, நீ சொன்னதுதான் சரி. சின்னதையே வாங்கிடலாம். அலமாரியைக் கொஞ்சம் நகர்த்திக்கலாம்.

இளையவர்: உங்க இஷ்டம் அண்ணே.

மூத்தவர்: உனக்கும் ஆட வரும்டா. பழகணும். ஞாயித்துக்கிழமை சொல்லித் தர்றேன்.

கடைப்பெண்: அப்போ பில் போட்டுரலாம். டாக்டர் சார், அந்த நீலத்தை இங்க குடுங்க, சார்ஜ்ல போடணும். சுத்தமா சார்ஜே இல்ல அதுல.

மூத்தவர்: எதுல?

கடைப்பெண்: நீலத்துல சார். அதைத்தான் அப்பவே சொல்ல வந்தேன். டாக்டர்தான் பரவால்லன்னுட்டாரு.

மூத்தவர்: சார்ஜ் இல்லைன்னா... அந்த எதிர்ப்பக்கம் ஓடினது யாரு?

கடைப்பெண்: கம்ப்யூட்டர் சார். ஆளில்லைன்னா அதுவே ஆடிக்கும். குழந்தைங்க ஆடுற அளவுல வச்சிருந்தேன்.

மூத்தவர்: டாக்டரே.

இளையவர்: அண்ணே...

மூத்தவர்: சார்ஜ் இல்லாத ரிமோட்டை வச்சுக்கிட்டு அவ்வளவு நேரம் கையை வீசிட்டிருந்தியா?

இளையவர்: நீங்க சந்தோஷமா ஆடிட்டிருந்தீங்க... எதுக்கு நடுவுல நிறுத்தணும்னு...

மூத்தவர்: இல்ல. இந்தத் தோத்துக்குடுக்கிற வித்தையை உனக்கு இன்னைக்கு யாரும் சொல்லித் தரல. தானா வருது உனக்கு. என்னை நேராப் பாரு. கேரம்லயும் இதேதானா?

இளையவர்: கேரம் எதுக்கு அண்ணே இப்ப...

மூத்தவர்: கேரம்லயும் இதேதானா?

இளையவர்: ஆமா அண்ணே.

மூத்தவர்: எப்பலேருந்து?

இளையவர்: கல்யாணமான புதுசுலேருந்து.

கடைப்பெண்: நான் வேணா அப்புறம் வரட்டுமா சார்?

மூத்தவர்: நீ இரும்மா. நல்லாக் கேட்டுக்க. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இவரை ஜெயிச்சேன். திங்கக்கிழமை ஸ்கூல்ல பசங்களை வண்டியில உக்கார வச்சுக்கிட்டு, கண்ணும் கையும் ஒண்ணா வேலை செய்யணும், என்னைப் பாருங்க, கேரம்ல என்னை அடிச்சுக்க ஆளில்லைன்னு பாடம் எடுத்தேன். ஏன்டா? நான் கேட்டேனா?

இளையவர்: நீங்க கேக்கல. என் வீட்டுக்காரி சொன்னா. "பெரியவர் தோத்தா சாப்பிட மாட்டாரு. அவர் சாப்பிடலைன்னா அக்கா சாப்பிட மாட்டா. அக்கா சாப்பிடலைன்னா அம்மா அழுவாங்க. அம்மா அழுதா அப்பா பழங்கதையை ஆரம்பிச்சுருவாரு. நீங்க தோத்துருங்க, எல்லாரும் சாப்பிட்டுட்டு நேரத்தோட வீட்டுக்குப் போயிரலாம்"னா.

மூத்தவர்: நான் சாப்பிட மாட்டேன்னு யாரு சொன்னா?

இளையவர்: அக்காதான்.

மூத்தவர்: ...அவளா?

கடைப்பெண்: அப்போ சண்டை எதுக்கு சார் வந்துச்சு? அவர்தான் தோத்துக்கிட்டே இருந்தாரே?

மூத்தவர்: போன மழைக்காலத்துல ஒரு நாள் ஜெயிச்சுட்டாரும்மா. அன்னைக்கு நான் பலகையைத் தள்ளிவிட்டுட்டு எழுந்து போனவன்தான். அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் பாக்கிறோம்.

கடைப்பெண்: அவ்வளவு நாளா விட்டுக்குடுத்துட்டு, அன்னைக்கு மட்டும் ஏன் டாக்டர் சார்?

இளையவர்: என் பொண்ணு மடியில உக்காந்து பாத்துட்டிருந்தா. பாதி ஆட்டத்துல காதுகிட்ட வந்து, "அப்பா, உங்களுக்கு ஆடவே தெரியாதாப்பா"ன்னு கேட்டா. கிண்டலா இல்ல... பாவமாக் கேட்டா. அதான் தாங்கல. ஒரே ஒரு தடவை அவ முன்னாடி ஜெயிச்சுரலாம்னு தோணிச்சு. நீங்க இப்படி எழுந்து போவீங்கன்னு நினைக்கல அண்ணே.

மூத்தவர்: ம்.

இளையவர்: அவ இன்னும் அதையேதான் சொல்லிட்டிருக்கா. "எங்கப்பா பெரியப்பாவையே ஜெயிச்சாரு"ன்னு தெருவுல ஒரு ஆள் விடாம சொல்லியாச்சு. பால் போடுறவருக்குக்கூடத் தெரியும்.

மூத்தவர்: சொல்றாளா... சொல்லட்டும், சொல்லட்டும். அம்மாடி, அந்தச் சின்னதையே போட்டுரு. நாலு ரிமோட் வை. எல்லாத்துலயும் சார்ஜ் இருக்கான்னு பாத்து வை.

கடைப்பெண்: சேர்ந்து ஆடுற கேமா சார், எதிரெதிரா?

மூத்தவர்: எதிரெதிர். இனிமே ஒழுங்கா ஆடுவியா டாக்டரே?

இளையவர்: ஆடுறேன் அண்ணே. நீங்க சாப்பிடலைன்னாலும் பரவால்லன்னு ஆடுறேன்.

மூத்தவர்: சாப்பிடுவேன். அதைப் பத்தி யாரும் கவலைப்பட வேணாம்.

இளையவர்: மத்த நாள் ஆடினதெல்லாம் பொய்தான், மன்னிச்சுக்கங்க. ஆனா அன்னைக்கு ஜெயிச்சது மட்டும் நிஜம். அதுல ஒரு பொய்யும் இல்ல.

மூத்தவர்: இல்ல, இல்ல. நிஜம்தான்.

இளையவர்: ஏன் இழுக்கிறீங்க?

மூத்தவர்: யாரு இழுத்தா? நிஜம்தான்னு சொன்னேன். கார்டு வச்சிருக்கியா, பில்லைக் கட்டு.

இளையவர்: அண்ணே... அன்னைக்குக் கடைசியில உங்க காய் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. குழி வாயிலேயே நின்னுது. என் பொண்ணு ஊதினாக்கூட விழுந்திருக்கும்.

மூத்தவர்: கை வழுக்கிருச்சு.

இளையவர்: உங்களுக்கா?

மூத்தவர்: பலகைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தா காது கேக்காதாடா? உன் பொண்ணு ரகசியம் பேசினா மாடி வரைக்கும் கேக்கும். அந்தக் குழந்தை அப்படிக் கேட்டதுக்கப்புறம் எப்படி நான் அந்தக் காயைப் போடுறது... விட்டேன். விட்டுட்டுச் சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா உனக்குச் சந்தேகம் வந்துரும்ல, அதான் பலகையைத் தள்ளிவிட்டுட்டுக் கோவமாக் கிளம்பினேன். யாராவது பின்னாடியே வந்து கூப்பிடுவீங்கன்னு தெருமுனை வரைக்கும் மெதுவாத்தான் நடந்தேன். ஒருத்தரும் வரல. அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நானா வர்றது?