முதுகைத் திருப்பிய மீன்கள்

விளக்கை அணைத்தால்தான் அங்கே ராத்திரி. அணைத்து வெகு நேரமாகியிருந்தது. குழாய் மாதிரி நீண்ட வழி... ஆள் நடமாட்டம் இல்லை. நடமாட்டம் என்பதும் பேச்சுக்குத்தான். ஆகாயத்தில் தொங்குகிற அந்த விண்வெளி நிலையத்தில் எவன் நடந்தான்? எல்லாரும் மிதப்புதான்.

நம் தெரு டெய்லருடைய மச்சினருக்கு அங்கே மீன் வளர்க்கிற வேலை. சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வரலாம்.

எடையில்லாத இடத்தில் மீனுக்கு மேல் கீழ் தெரியாது. வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டும். அதுதான் அதற்கு மேல். அதனால் தொட்டி விளக்கை மட்டும் அணைப்பதே இல்லை. அணைந்தால் மீன் பம்பரமாகச் சுற்றி, களைத்து, செத்துப்போகும்.

அன்று அந்த விளக்கு போய்விட்டது.

“காலையிலதான் சரிபண்ண முடியும்ணே. செத்தா வேற குஞ்சு விட்டுக்கலாம்” என்றான் மேற்பார்வையாளன், போனில்.

மச்சினர் போனை வைத்துவிட்டுத் தொட்டி அறைக்குப் போனார். அவர் மனைவி பொரிக்கவைத்து வளர்த்த குஞ்சுகள் அவை. அவள் செத்துப்போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவர் அழவில்லை, மறுநாளே வேலைக்கு வந்துவிட்டார். அவளுடையது என்று மிஞ்சியது அந்தத் தொட்டிதான்.

கதவைத் திறந்தார். கும்மிருட்டு. பம்பு மட்டும்... ர்ர்ர்...

கிராம்பு வாசனை. மீனை மயக்கக் கிராம்பெண்ணெய் கலக்குவது அவள் வேலை. அவளுக்குப் பிறகு அந்தப் புட்டியை யாரும் திறக்கவில்லை.

மீன் கண்ணுக்குத் தெரியாத சிவப்பு டார்ச்சை அடித்தார். ஒன்றுகூடச் சுற்றவில்லை. அத்தனையும் அசையாமல், ஒரே மூலைக்கு முதுகைக் காட்டி... அந்த மூலையில் விளக்கே கிடையாது.

பயம் வரும் என்று காத்திருந்தாராம். வரவில்லை. மீன் பிழைத்தது, போதும் என்று வெளியே வந்து கதவைச் சாத்தினார். ஜன்னல் வழியே டார்ச் அடித்தால்... மீன்கள் சுற்றத் தொடங்கியிருந்தன.

உள்ளே போனார். நின்றன. வெளியே வந்தார். சுற்றின.

“எங்கூடவே வந்துட்டா மீனை யாரு பாக்கறது?” என்றார், கடைக்குக் கிளம்புகிறவளைக் கேட்பது மாதிரி.

விடியும்வரை உள்ளேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். விளக்கு வந்தது. ஒரு மீனும் சாகவில்லை.

லீவில் கீழே வந்தவரை டெய்லர் டீக்கடைக்குக் கூட்டிப்போனார். கல்லாவுக்குப் பக்கத்தில் கண்ணாடித் தொட்டி, அதில் தங்க மீன்கள். இங்கே பூமியில் மீன் நேராகத்தானே நீந்தும்? மச்சினர் உட்கார்ந்தார். ஒன்று ஒருக்களித்தது... அப்புறம் இன்னொன்று... எல்லாமே. முதுகு அவருடைய இடது தோளுக்குப் பக்கத்துக் காலி நாற்காலிக்கு நேராக.

டெய்லர் தன் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார். மச்சினர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் டம்ளர் நிறைய டீ அப்படியே இருந்தது.

“இன்னொரு டீ சொல்லுங்க மாமா” என்றார். “சக்கரை இல்லாம.”