பூஜ்யம் வந்த ரிப்போர்ட்

ரத்தக் குழாயில் லேபிள் கோணலாக ஒட்டியிருந்தால் எனக்குப் பிடிக்காது. உரித்துவிட்டு நேராக ஒட்டுவேன். பரிசோதனைக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாக இதுதான் என் வேலை.

என் மனைவிக்கு ரத்தப் புற்றுநோய். நோயின் தடயம் ரத்தத்தில் எவ்வளவு மிச்சம் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கள் கூடத்தில்தான் பார்ப்போம். நோய் தெரிவதற்கு முந்தைய வாரம் அவள் என்னை விட்டு அண்ணன் வீட்டுக்குப் போகப் பெட்டி கட்டி வைத்திருந்தாள். நோய் வந்ததும் பெட்டி பரணுக்குப் போனது. சோறு ஊட்டினேன், தலை துவட்டினேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்தது அப்போதுதான்.

பிறகு அளவு பூஜ்யத்துக்கு வந்தது. அங்கேயே நின்றது.

"இன்னும் ரெண்டு ரிப்போர்ட் இப்படியே வந்தா மாத்திரையை நிறுத்திடலாம்னு டாக்டர் சொல்றார். அப்புறம் நான் கிளம்பறேன்" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் வலித்தது.

அவள் வரும் நாளிலேயே ஒரு தையல்காரரும் ரத்தம் கொடுக்க வருவார். வாய் ஓயாத மனிதர். என் சட்டைக் காலரைப் பார்த்து, இதைத் தைத்தவனைப் பிடித்து உள்ளே போட வேண்டும் என்பார். அவருக்கும் அதே நோய். வெகுநாள் சுத்தமாக இருந்த அளவு, கடைசி முறை லேசாக ஏறியிருந்தது. அடுத்த முறை இருவர் குழாய்களின் லேபிள்களையும் மாற்றி ஒட்டினேன். நேராகத்தான் ஒட்டினேன்.

அளவு திடீரென்று மாறினால் அதே குழாயிலிருந்து இன்னொரு முறை சோதிக்க வேண்டும் என்பது எங்கள் விதி. சோதித்தோம். அதே எண் வந்தது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

நான்கு முறை செய்தேன். அவளுக்குக் கடுமையான மருந்து ஆரம்பித்தார்கள். எழுந்து நிற்க முடியாமல் போயிற்று. தையல்காரருக்கு மாத்திரையை நிறுத்தினார்கள். அன்று எனக்கு இனிப்பு வாங்கிவந்து கொடுத்தார். அந்த வருஷம் முடிவதற்குள் இறந்துபோனார். நல்ல மனிதர், வருத்தமாகத்தான் இருந்தது.

போன வாரம், நான் வேலைக்குப் போயிருந்தபோது, அண்ணன் வந்து அவளை வேறு கூடத்தில் சோதிக்க வைத்திருக்கிறார். தடயமே இல்லையாம். எனக்குத் தெரிந்த விஷயம்தான்.

புகாரை அவளே எழுதிக் கொடுத்தாள் என்கிறீர்கள், ஐயா. அது நடக்காது. டம்ளரைப் பிடிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. நான் கையைப் பிடிக்காமல் அவளால் எப்படி எழுத முடியும்?