நாலாம் வளைவுப் போர்வை

வரலாறு கிடக்கட்டும் தம்பி. போர்வை எங்க?

இல்ல, நான் உக்கார வரல. நாற்காலிய நீயே வச்சுக்க. நாலாம் வளைவு பக்கம், ஜனங்க உக்கார்ற பலகையில மேல இருந்து மூணாவது. பச்சைக் கம்பளி. ராணுவத்துக்காரங்க போத்துற மாதிரி முரடா இருக்கும். புதன்கிழமை சாயங்காலம் விரிச்சுட்டுப் போனேன். இன்னிக்கு வெள்ளிக்கிழமை, பந்தயத்துக்கு வந்து பாத்தா பலகை மொட்டையாக் கிடக்கு. எங்கடான்னா, குப்பையெல்லாம் அள்ளியாச்சு தாத்தாங்கறான் உன் ஆளு. குப்பையாம்.

புது கம்பெனி உத்தரவா? சீட்டுக்கெல்லாம் நம்பர் போட்டாச்சா? பாத்தேன் பாத்தேன். மாட்டுக்குச் சூடு போட்ட மாதிரி பலகை பூரா மஞ்சப் பெயிண்ட். நீ எந்த ஊரு? பாஸ்டனா. பட்டணத்துக்காரன், அதானே.

சுவத்துல மாட்ட இந்த ரேஸ் டிராக்கோட வரலாறு வேணும், என்னை மாதிரி பெருசு சொன்னா நல்லாருக்கும். அதானே இவ்வளவு நேரம் நீ இழுத்தது? போர்வை கேட்டு வந்தவனுக்குக் காபியக் குடுத்து வாயைப் புடுங்கிற. சரி, கேட்டுக்க. கேட்டாத்தான் நீ எதை அள்ளிப் போட்டேன்னு உறைக்கும்.

முன்னாடி குதிரை ஓடின இடம் இது. உலகச் சண்டை முடிஞ்சு பசங்க ஊரு திரும்பினாங்க. அவனுங்களுக்குக் குதிரை பத்தல, கார்ப் பந்தயம் வேணும்னாங்க. மார்லின் ஷாஃபர்னு ஒருத்தர், பால் பண்ணைக்காரர். குதிரை வேலியப் புடுங்கிப் போட்டுட்டு டிராக்டர விட்டு நீள வட்டமா ஒரு உழவு உழுதாரு. ஆத்தங்கரைக் களிமண்ண லோடு லோடாக் கொண்டாந்து கொட்டினாரு. மண்ணு காயாம இருக்க பால் டேங்க்குலயே தண்ணி புடிச்சுத் தெளிச்சாரு. ரெண்டு வருசம் பந்தயத்துக்குப் போய்ட்டு வந்தா சட்டையில புளிச்ச பால் வாடை அடிக்கும்னு எங்கப்பன் சொல்லுவான். நீ வாசல்ல எழுதி வச்சிருக்கியே, தொலைநோக்குன்னு ஏதோ. மார்லின் படிச்சா காறித் துப்பியிருப்பாரு.

பலகை எல்லாம் அவரு போட்டதான்னு கேக்கறியா? வரேன், இரு. குறுக்க பேசாத.

பெருவெள்ளம் வந்துச்சு. அப்ப நான் கல்யாணம் ஆன புதுசு. ஆறு ஏறி வந்து டிராக்க மூடிடுச்சு. ஜனங்க உக்கார்ற பலகை அத்தனையும் மிதந்து போயி கீழ்ப் பாலத்துல மாட்டிக்கிச்சு. தண்ணி வடிஞ்சப்ப இங்க ஒண்ணுமில்ல. சேறும் செத்த மாடும்தான். மார்லின் கைய விரிச்சுட்டாரு. இனி மக்காச்சோளம் போட்டுப் பொழைச்சுக்கறேன்னுட்டாரு.

விட்டோமா? குடும்பம் குடும்பமாப் போனோம். பாலத்துலேர்ந்து ஊறிப்போன பலகைய ஒண்ணொண்ணா இழுத்தோம். தோள்ல தூக்கிட்டு வந்து அவங்கவங்க தூக்குன பலகைய அவங்கவங்க ஆணி அடிச்சோம். காசு குடுக்கறேன்னாரு மார்லின். யாரும் வாங்கல. எங்க வீட்டுப் பலகைக்கு நான் ஒரு முனை, என் பொண்டாட்டி ஃபெர்ன் இன்னொரு முனை. பாதி வழியில நான் கீழ வச்சுட்டேன். அவ வைக்கல. ஒரு முனையத் தூக்க வக்கில்லாதவனையா கட்டிக்கிட்டேன்னா. ஊரே சிரிச்சுது.

முதல் வெள்ளிக்கிழமை பந்தயம் வந்துச்சு, பலகை இன்னும் காயல. உக்காந்தா பின்னாடி நனையுது. அதுக்குத்தான் போர்வை போட்டோம். அவ்வளவுதான் கதை. அப்புறம் பலகை காஞ்சாலும் போர்வை நிக்கல. புதன்கிழமையே வந்து விரிச்சிடுவோம். விரிச்ச போர்வைய ஒருத்தன் தொட்டதில்ல தம்பி. அடுத்தவன் பொண்டாட்டியக் கூட்டிட்டு ஓடிப்போனவன் உண்டு இந்த ஊர்ல. அடுத்தவன் போர்வைய நகத்தினவன் கிடையாது. முப்பது வருசம் கழிச்சு மார்லினோட மகன் பலகைக்கு நம்பர் போடலாமான்னு யோசிச்சான். அவன் அம்மாவே அவனை வாரியலால அடிச்சா.

சிரிக்காத. நான் வேடிக்கை காட்ட வரல.

ஃபெர்னா? அவளுக்கும் எனக்கும் தீந்துபோய் ரொம்ப நாளாச்சு. காரணமா? இந்த டிராக்குதான் காரணம். இங்க ஊர்க்காரன் ஓட்டினா கை தட்டணும். வெளியூர்லேர்ந்து வர்ற கூட்டத்தப் பாத்தா ஊளையிடணும். இது பால்குடி மாறாத பிள்ளைக்கும் தெரியும். இவ என்ன பண்ணா தெரியுமா? இண்டியானாலேர்ந்து ரே கிரிட்டன்னு ஒருத்தன் வருவான், கழுகு மாதிரி மூக்கு. எங்க ஊரு டோயல் கெய்ஸை வெளிப்பக்கமாச் சுத்தி வந்து முந்திட்டான். ஊரே வாயடைச்சு உக்காந்திருக்கு, இவ மட்டும் எந்திரிச்சு நின்னு விசிலடிக்கிறா. என் பொண்டாட்டி. எங்கம்மா பக்கத்துல உக்காந்திருக்கா. மேல் வரிசையிலேர்ந்து கோழி எலும்பு வந்து விழுது. நான் சட்டையப் புடிச்சு உக்காருடின்னேன். அவ சொன்னா, ஓட்டத் தெரிஞ்சவனுக்குக் கை தட்டுறதுக்கு ஊர் எதுக்குய்யா கேக்கணும், நீ வேணா கண்ண மூடிக்க.

அதுல ஆரம்பிச்சது. வேற சமாச்சாரமும் இருந்துது, அது உனக்கெதுக்கு.

கோர்ட்டுல எல்லாத்தையும் பிரிச்சாங்க. வீடு அவளுக்கு. ட்ரக்கும் நாயும் எனக்கு. இந்தப் பலகைய எப்படிப் பிரிக்கறது? ஜட்ஜுக்கு என்ன தெரியும் பலகையப் பத்தி. நானும் விடல, அவளும் விடல. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஒரே பலகை, ரெண்டு போர்வை, நடுவுல ஒரு முழம். அவ கோழி சூப்பு குடிப்பா, நான் வினிகர் ஊத்தின உருளைக்கிழங்கு தின்பேன். எனக்கு அவகிட்டப் பேச்சு கிடையாது. அவ பேசுவா. எங்கிட்ட இல்ல, காத்துகிட்ட. சில பேருக்கு வண்டியும் தெரியாது, பொம்பளையும் தெரியாதும்பா. நாலாம் வளைவுல வண்டி திரும்புறப்ப மண்ணு கட்டி கட்டியா வந்து மூஞ்சில அடிக்கும் பாரு. எல்லாரும் குனிவாங்க. அவ குனிஞ்சு நான் பாத்ததில்ல.

இப்ப புரியுதா? நீ நம்பர் எழுதியிருக்கியே, அந்தப் பலகை ஒவ்வொண்ணும் யாரோ ஒருத்தன் தோளு. நீங்க வாங்கினது மண்ணையும் விளக்குக் கம்பத்தையும்தான். பலகை மார்லினோடதே இல்ல. உங்களுக்கு விக்க அவரு பேரனுக்கு ஏது உரிமை?

வக்கீலா? எனக்கெதுக்கு வக்கீலு. எனக்குப் போர்வை வேணும்.

எங்க குடுத்தீங்க? நாய்க் காப்பகத்துக்கா. ஏன்யா, நாய்க்குப் போட்டுட்டீங்களா? கழுவி, மடிச்சு, தர்மமாக் குடுத்தீங்களா. ரொம்பப் பெரிய மனசு. அதை ஏத்தின லாரி கிளம்பிடுச்சா இல்லியா? பின் கேட்டுல நிக்குதா? அப்ப போனப் போட்டு நிறுத்தச் சொல்லு. போடு. பேசிக்கிட்டே போடு, என் மூஞ்சியப் பாக்காத.

புதுப் போர்வையா? உங்க கம்பெனி பேரு போட்டதா? ரெண்டு தர்றியா? தம்பி, நான் உன்னை அடிக்காம நிக்கறதே என் வயசுக்கு மரியாதை.

அட, என் போர்வைன்னு யாருய்யா சொன்னா? என்னுதயும்தான் அள்ளிட்டீங்க. அது நாய்க்கே போகட்டும், நான் கேக்கவே இல்லியே. நான் வெறும் பலகையிலயும் உக்காருவேன், குத்துக்கல்லுலயும் உக்காருவேன். பச்சைக் கம்பளி அவளுது. ஃபெர்னோடது.

நான்தான் விரிக்கறேன், ஆமா. இந்த சீசன்லேர்ந்து. அவளுக்குத் தெரியாது. அவ தங்கச்சி மக விரிக்கறான்னு நினைச்சுக்கிட்டிருக்கா. அந்தப் பொண்ணுக்கு இங்க வடக்கு எது தெக்கு எதுன்னே தெரியாது.

ஏன்னா அவளுக்குக் கண்ணு போயிடுச்சு. சக்கரை. பனிக்காலத்துல ஒண்ணு போச்சு, அடுத்ததும் கூடவே போயிடுச்சு. அதுக்காக வராம இருப்பாளா? வண்டிய சத்தத்துலயே பாத்துக்கறா. எவன் மூணாம் வளைவுல பயந்துபோய் ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுக்கறான்னு எனக்கு முன்னாடி அவ சொல்றா. அந்தப் பொண்ணு படிக்கட்டுகிட்ட விட்டுட்டுப் போயிடணும், அதான் சட்டம். கையப் புடிச்சா கடிச்சுடுவா. கம்பியப் புடிச்சு ஏறி, பலகையத் தடவிக்கிட்டே வருவா. கம்பளி கையில பட்டதும் உக்காந்துக்குவா. ஊர்ல பாதிப் பேருக்கு அவளுக்குக் கண்ணு தெரியாதுன்னே தெரியாது. தெரியவும் கூடாதுன்னு இருக்கா.

சத்தம் கேக்குதா? முதல் பந்தய வண்டிய ட்ரக்கு வச்சுத் தள்ளி உசுப்பிட்டாங்க. கேட்டத் தொறந்துட்டீங்களா?

அந்தா வர்றா பாரு. நீலத் தொப்பி.

நீ லாரிக்குப் போன் பேசு. போர்வை வந்தா மேல குடுத்தனுப்பு, யாரு கேட்டாலும் பேசாம. நான் போறேன். போய் அவ இடத்துல நான் உக்காந்துக்கறேன். தடவிக்கிட்டு வந்து என் மேல கை படும். எந்திரிடா கிழட்டு நாயேம்பா, நாலு வரிசைக்குக் கேக்கற மாதிரி. எந்திரிச்சு ஒரு முழம் தள்ளி உக்காருவேன். அவ இடம் அவளுக்குத் தெரிஞ்சுடும்ல.