பழசெல்லாம் ஓடும்

எனக்குப் பழைய பொருளைத் தூக்கி எறிய மனசு வராது. கைப்பிடி போன குடைகூட வீட்டில் இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, எங்கள் கம்பெனி போனுக்குப் புது இயங்குதளம் தயாரானபோது, பழைய செயலிகளை அதில் ஓடவைக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

மேலிடம் சொன்னது ஒன்றுதான்: பழசு எதுவும் நின்றுபோகக் கூடாது. புதுசோ, திரை அணைந்ததும் பழைய செயலிகளைத் தூங்கவைத்துவிடும். "வேண்டிய நேரத்தில் என்னை எழுப்பு, மணி அடிக்கணும்" என்று ஒரு செயலி கேட்டு, முடியாது என்று பதில் வந்தால், அது அப்படியே நின்றுவிடும். எவ்வளவோ முட்டி மோதினேன். கடைசியில், எது கேட்டாலும் "சரி" என்று சொல்லும்படி எழுதிவிட்டேன். மணி அடிக்காது, சரி என்று மட்டும் சொல்லும். சோதனையில் எல்லாம் தேறியது. கேக் வெட்டினார்கள்.

வெளியே விடுமுன் ஊழியர் வீடுகளுக்குத்தான் முதலில் அனுப்புவோம். என் அக்காவுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கி, வேர்த்துக்கொட்டி மயக்கம் வந்துவிடும். கையில் ஒட்டிய சென்சார் அதைக் கண்டுபிடித்தால், போனில் ஒரு பழைய செயலி அலறும். அதைச் செய்தவர்கள் எப்போதோ கடையைக் கட்டிவிட்டார்கள்.

"டேய், புதுசு போடச் சொல்லுது. போட்டா என் மணி ஒழுங்கா அடிக்குமா?"

"போடுக்கா. பழசெல்லாம் ஓடும்."

பொய்யில்லை. ஓடத்தான் செய்தது.

ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு அக்கா உள்ளே படுத்தாள். நானும் மாமாவும் டிவியில் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். மாமா எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"ரொம்ப வேர்த்திருக்குடா. எழுப்பிடவா?"

"போன் சத்தம் போடலையே மாமா. தூங்கட்டும் விடுங்க."

போனைத் தயாரிக்கிறவனே சொல்லும்போது அவர் என்ன செய்வார், பாவம். உட்கார்ந்துவிட்டார். அது சத்தம் போடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் எழுப்பினால், மணி ஏன் அடிக்கவில்லை என்று கேட்பாள். என்ன பதில் சொல்வேன்? கையைக் காலைக் கட்டிப்போட்டதுபோல் இருந்தது. படம் முடிந்து மாமா டீ கொண்டுபோனார். அக்கா எழுந்திருக்கவில்லை.

"நான் எழுப்பியிருக்கணும்டா" என்று மாமா இன்னும் என் தோளில் சாய்ந்து அழுகிறார். நான் முதுகைத் தட்டிக்கொடுக்கிறேன். வேறென்ன செய்ய முடியும் என்னால்?

நாளை எல்லார் போனுக்கும் புதுசு போகிறது. நிறுத்த நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நேற்று அக்காவின் போனைத் திறந்து பார்த்தேன். செயலியில் ஒரு பிழைகூட இல்லை. ஒழுங்காக ஓடுகிறதை எதற்கு நிறுத்தவேண்டும், நீங்களே சொல்லுங்கள்.